கடலோர நகரம் டர்பன்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. (தாவரவியல்)

தென்னாப்பிரிக்கா என்றதும் நமக்கு முதலில் நினைவுக்கு வருபவர் காந்தியடிகள். 1893-ஆம் ஆண்டு மே மாதத்தில் இருபத்து மூன்று வயது வழக்கறிஞராக அவர் கப்பலைவிட்டு இறங்கிய ஊர் டர்பன். அவருக்கு முப்பத்து மூன்று ஆண்டுகளுக்கு முன்பே சென்னைத் துறைமுகத்திலிருந்து சென்ற நம் மக்கள் அதே கரையில் இறங்கியிருந்தார்கள். பள்ளிப் பாடநூலில் இதை ஒரு வரியாகப் படித்துவிட்டு அடுத்த பாடத்திற்குப் போய்விடுகிறோம். அந்த ஒரு வரிக்குப் பின்னால் இருப்பதைச் சற்று விரித்துச் சொல்லலாம் என்ற ஆசையே இக்கட்டுரைக்குக் காரணம்.

டர்பன் இந்துமாக் கடலின் கரையில், குவாசூலு-நட்டால் மாநிலத்தில் உள்ளது. தென்னாப்பிரிக்காவின் முதன்மையான துறைமுகங்களுள் ஒன்று. அந்நாட்டு மக்கள் விடுமுறைக்குக் கூடும் பெரிய கடற்கரை நகரமும் அதுவே. 2022-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி மாநகரப் பகுதியில் ஏறத்தாழ 42 இலட்சம் மக்கள் வாழ்ந்தனர். வடக்கிலிருந்து வரும் அகுலாஸ் என்னும் வெப்ப நீரோட்டம் கரையை ஒட்டி ஓடுவதால், ஜூன், ஜூலை ஆகிய குளிர்கால மாதங்களிலும் கடல்நீர் குளிக்கத் தக்கதாக இருக்கிறது. உள்நாட்டு மேட்டு நிலத்தில் ஜோகன்னஸ்பர்க் நகரத்தார் குளிரில் நடுங்கும்போது டர்பன் விடுதிகள் நிரம்பி வழிவதற்கு இதுவே காரணம். அதே மாதங்களில்தான் கோடிக்கணக்கான சாளை மீன்கள் கூட்டமாகக் கரையோரம் வடக்கு நோக்கி வருகின்றன. கூடையும் வாளியும் எடுத்துக்கொண்டு மக்கள் கடலுக்குள் ஓடுவார்களாம்.

பெயர் வந்த கதை

சூலு மொழியில் இவ்வூரின் பெயர் எத்தெக்வினி. விரிகுடா என்னும் பொருளுள்ள சொல்லிலிருந்து வந்தது. 1497-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளையொட்டி இக்கரையோரமாகச் சென்ற வாஸ்கோடகாமா, இயேசு பிறப்பைக் குறிக்கும் போர்த்துகீசியச் சொல்லால் இதற்கு நட்டால் என்று பெயரிட்டார். அவர் அங்குத் தங்கவில்லை. நம் கோழிக்கோட்டை நோக்கிப் போய்விட்டார். 1824-இல் பேர்வெல், பின் முதலிய சில ஆங்கில வணிகர்கள் யானைத் தந்தம் தேடி இங்கு வந்து குடிசை போட்டார்கள். அப்போது சூலு மக்களை ஒரே அரசின் கீழ்க் கொண்டு வந்திருந்தவர் மன்னர் ஷாக்கா. அவருக்கு ஏற்பட்ட குத்துக் காயத்திற்கு ஹென்றி பின் மருந்திட்டார். விரிகுடாவை ஒட்டிய நிலத்தைப் பயன்படுத்தும் உரிமை வணிகர்களுக்குக் கிடைத்தது. 1828-இல் ஷாக்கா தம் உடன்பிறந்தார் கையாலேயே கொல்லப்பட, டிங்கானே மன்னரானார்.

1835-ஆம் ஆண்டு ஆலன் கார்டினர் என்பவர் வந்தார். ஆங்கிலக் கடற்படையில் கேப்டனாக இருந்து, மனைவியின் மறைவுக்குப் பின் சமயப் பணிக்குத் தம்மை ஒப்படைத்தவர். டிங்கானே முதலில் இடம் தரவில்லை. துறைமுகத்திலிருந்த வெள்ளைக்கார வணிகர்களோ அவரை அழைத்தார்கள். ஊருக்கு மேலே இருந்த குன்றில் பணியிடம் அமைத்து, அதற்குப் பெரியா என்று பெயரிட்டார். விவிலியத்தில் நற்செய்தியை மனமுவந்து கேட்ட ஊராரின் பெயர் அது. இன்றும் டர்பனின் செல்வர் வாழும் மேட்டுப் பகுதி பெரியா என்றே வழங்குகிறது. அவ்வாண்டு ஜூன் 23-ஆம் நாள் விரல்விட்டு எண்ணத்தக்க சிலர் கூடி, ஒரு நகரம் அமைப்பதென்று முடிவு செய்து, கேப் குடியேற்றத்தின் ஆளுநர் சர் பெஞ்சமின் டி அர்பன் பெயரை அதற்கு வைத்தார்கள். அவரே டர்பன் ஆனார்! தலைப்பாகைக்கும் இவ்வூருக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. நானும் சிறு வயதில் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

கார்டினரின் பணி நிலைக்கவில்லை. 1838-இல் போயர்களுக்கும் சூலுக்களுக்கும் போர் மூண்டது. பாதிரிமார்கள் கப்பலேறித் தப்பினர். கார்டினர் பிறகு தென் அமெரிக்காவின் தென்கோடிக்குச் சென்று, 1851-இல் உணவின்றி இறந்தார்.

பத்தாண்டுக்கு ஒருவர்

நிலையாக நின்று பணிசெய்தவர்கள் அமெரிக்கர்கள். கார்டினர் வந்த ஆண்டின் இறுதியில், பாஸ்டன் நகரத்து அமெரிக்கச் சங்கம் அனுப்பிய மருத்துவர் நியூட்டன் ஆடம்ஸ், ஆல்டின் குரூட், ஜார்ஜ் சாம்பியன் ஆகியோர் வந்து சேர்ந்தார்கள். இதே சங்கந்தான் நம் மதுரையிலும் யாழ்ப்பாணத்திலும் பள்ளிகள் திறந்தது என்பதை அறிந்தபோது எனக்கு வியப்பு ஏற்பட்டது. ஆடம்ஸ் உம்லாசி ஆற்றங்கரையில் பள்ளி வைத்தார். நோய்க்கு மருந்து வாங்க வந்தவர்கள் ஏராளம். மதம் மாற வந்தவர்தான் இல்லை. பத்தாண்டுகள் கழித்து, 1846-இல், முதன்முதலாகத் திருமுழுக்குப் பெற்றவர் ம்பலாசி என்னும் வயது முதிர்ந்த கைம்பெண்.

மேலோட்டமாகப் பார்த்தால் இது பெருந்தோல்வியாகத் தோன்றும். பத்தாண்டு உழைப்பிற்கு ஒரு மூதாட்டி! ஆனால் அந்த அம்மையாரின் மகன் நெம்புலா எழுதப் படிக்கக் கற்று, கரும்பு பயிரிட்டு, தாமே ஆலை வைத்துச் சர்க்கரை காய்ச்சினார். நெம்புலாவின் மகன் ஜான் 1880-களில் அமெரிக்கா சென்று மருத்துவம் படித்துத் திரும்பினார். எழுத்தறியாத பாட்டி, எழுத்தறிந்த தந்தை, மருத்துவப் பட்டம் பெற்ற பேரன் என மூன்று தலைமுறை. இந்த இடத்தை நான் நூலகத்தில் இரண்டு முறை படித்தேன். என் பாட்டி பத்திரத்தில் பெருவிரலை உருட்டியவர்.

அமெரிக்கர்கள் மற்றவற்றில் பிடிவாதக்காரர்கள். பல மனைவியர் உள்ளவரைச் சபையில் சேர்ப்பதில்லை, மணப்பெண்ணுக்கு மாடு கொடுக்கும் வழக்கம் கூடாது, ஆடை ஐரோப்பியர் போல இருக்கவேண்டும் என்று விதித்தார்கள். ஒரு சமூகத்தின் மணமுறையையும் உடையையும் குறை சொல்லிக்கொண்டே அதற்குக் கல்வி கற்பித்ததை எப்படி எடைபோடுவது? எனக்கு இரண்டு மனம் உண்டு. ஆனால் சூலு மொழிக்கு எழுத்துமுறை வகுத்ததிலும், 1883-இல் முழு விவிலியம் அம்மொழியில் அச்சேறியதிலும் அவர்கள் பங்கு பெரிது. ஆடம்ஸ் மறைந்தபின் 1853-இல் அமன்சிம்டோட்டியில் தொடங்கிய பள்ளி பின்னாளில் ஆடம்ஸ் கல்லூரி என்று பெயர் பெற்றது. நோபல் பரிசு பெற்ற ஆல்பர்ட் லுத்துலி அங்கே ஆசிரியராக இருந்தவர். 1869-இல் இனாண்டா என்னுமிடத்தில் பெண்களுக்கென்று விடுதியுடன் கூடிய பள்ளியைத் தொடங்கினார்கள். அதன் முதல் தலைமையாசிரியை மேரி எட்வர்ட்ஸ் அம்மையார்.

கணக்கு வாத்தியார் ஆயரானார்

சமயப் பணியாளர்களுள் எல்லோரையும் திகைக்க வைத்தவர் ஜான் வில்லியம் கொலென்சோ. நட்டாலின் முதல் ஆங்கிலிக்கன் ஆயர். தென்னாப்பிரிக்கா வருமுன் இவர் கணித ஆசிரியர். இவர் எழுதிய எண்கணித, இயற்கணிதப் பாடநூல்கள் இங்கிலாந்துப் பள்ளிகளில் பெரிதும் வழங்கின. 1854-இல் நட்டால் வந்தவர் சூலு மொழியைக் கற்று, 1861-இல் சூலு-ஆங்கில அகராதி வெளியிட்டார். பல மனைவியர் உள்ளவரையும் சபையில் ஏற்கலாம், மனைவியரைத் தெருவில் விடச் சொல்வதே பாவம் என்று வாதிட்டார்.

விவிலியத்தை மொழிபெயர்க்கையில் அவருக்குத் துணைநின்றவர் வில்லியம் ங்கிடி என்னும் சூலு இளைஞர். நோவாவின் வெள்ளக் கதையை மொழிபெயர்க்கும்போது, உலகிலுள்ள எல்லா விலங்குகளும் ஒரே பேழைக்குள் ஏறியது உண்மைதானா என்று அவர் கேட்டார். வேறொருவராக இருந்தால் வாயை அடைத்திருப்பார். கொலென்சோ கணக்குப் போடத் தொடங்கிவிட்டார். பழைய ஏற்பாட்டின் முதல் நூல்களில் வரும் மக்கள் தொகை, கூடார அளவு, ஆடுமாடுகளின் எண்ணிக்கை ஆகியவற்றைக் கூட்டிக் கழித்துப் பார்த்து, இவை சொல்லுக்குச் சொல் வரலாறாக இருக்க முடியாது என்று 1862-இல் நூல் வெளியிட்டார். திருச்சபை கொந்தளித்தது. கேப் நகரத் தலைமை ஆயர் அவரைப் பதவி நீக்கினார். இலண்டன் பிரிவி கவுன்சில் அந்நீக்கம் செல்லாது என்றது. கற்பிக்கச் சென்றவர் மாணவனிடம் கேள்வி கற்றுக்கொண்டார்! பிற்காலத்தில் லங்கலிபலேலே என்னும் குடித்தலைவருக்கு வெள்ளை அரசு இழைத்த அநீதியை எதிர்த்து வாதாடித் தம் இனத்தாரின் நட்பையும் இழந்தார். சூலு மக்கள் அவரை மக்களின் தந்தை என்னும் பொருளில் சொபாண்ட்டு என்று அழைத்தார்கள். 1883-இல் டர்பனில் காலமானார்.

நம்மவர் வருகை

டர்பன் சுற்றுப்புறத்தில் கரும்பு நன்றாக விளையும் என்பதை 1850-ஐ ஒட்டிய ஆண்டுகளில் எட்மண்ட் மோர்வுட் என்பவர் காட்டினார். சூலு மக்கள் தமக்கென நிலமும் மாடும் உடையவர்கள். வெள்ளையன் தோட்டத்தில் நாள் முழுதும் குனிய அவர்களுக்குத் தேவை இருக்கவில்லை. ஆகவே தோட்டக்காரர்கள் இந்தியாவை நாடினார்கள். டிரூரோ என்னும் கப்பல் சென்னையிலிருந்து புறப்பட்டு 342 பேருடன் 1860 நவம்பர் 16-ஆம் நாள் டர்பன் வந்தடைந்தது. பத்து நாள் கழித்துக் கல்கத்தாவிலிருந்து பெல்வெடியர் வந்தது. 1911-ஆம் ஆண்டு வரை இவ்வாறு வந்தவர்கள் 1,52,184 பேர். மூன்றில் இரு பங்கினர் சென்னை வழியாகச் சென்ற தமிழரும் தெலுங்கருமே. கப்பல் பதிவேடுகளில் அன்றைய வடஆர்க்காடு, தென்னார்க்காடு, செங்கல்பட்டு மாவட்டப் பெயர்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. பெயர், தந்தை பெயர், வயது, சாதி, தாலுகா, கிராமம், உடம்பிலுள்ள அடையாளம் என்று எழுதி ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்தார்கள்.

ஐந்தாண்டு ஒப்பந்தம். முதலாண்டு மாதச் சம்பளம் பத்து ஷில்லிங். ஆண்டுக்கு ஒரு ஷில்லிங் உயர்வு. நோயால் படுத்தால் கூலி பிடித்தம். 1871-இல் ஊர் திரும்பிய முதல் கூட்டத்தார் சென்னையில் தாங்கள் பட்ட அடிகளைச் சொல்லி முறையிட்டனர். இந்திய அரசு ஆளனுப்ப இசையவில்லை. 1872-இல் நட்டால் அரசு விசாரணைக் குழு அமைத்துச் சில சீர்திருத்தங்களைச் செய்தபின், 1874-இல்தான் மீண்டும் கப்பல்கள் ஓடின.

இம்மக்களுக்குப் பள்ளி என்று ஒன்றை முதலில் நினைத்தவர்கள் சமயப் பணியாளர்களே. கத்தோலிக்கப் பாதிரியார் சபோன் 1867-இல் இந்தியக் குழந்தைகளுக்குப் பள்ளி திறந்தார். மெதடிஸ்ட் சபை அனுப்பிய ரால்ஃப் ஸ்டாட் 1862-இல் வந்தார். இவர் இலங்கை மட்டக்களப்பில் பல்லாண்டு பணியாற்றித் தமிழைச் சரளமாகப் பேசக் கற்றவர். தோட்டம் தோட்டமாகச் சென்று தமிழில் பேசிய வெள்ளைக்காரரைக் கண்டு அந்த மக்கள் எப்படித் திகைத்திருப்பார்கள்! கிறித்துவரானவர் மிகச் சிலர். ஆயினும் சொந்த மொழியில் குறை கேட்க ஒருவர் இருந்தார். அவருக்குப் பின் அவர் மகன் அப்பணியைத் தொடர்ந்தார். 1903-இல் ஆந்திரப் பகுதியின் தெலுங்கு பாப்டிஸ்ட் சபையார் தாங்களே பணம் திரட்டி ஜான் ரங்கையாவை அனுப்பியதையும் இங்கே சொல்ல வேண்டும். இந்தியரே இந்தியருக்கு அனுப்பிய பணியாளர் அவர்.

ஆங்கிலிக்கன் சபையின் டாக்டர் பூத் 1880-களில் புனித எய்டன் பணியமைப்பின் கீழ்ப் பள்ளிகளையும், பின்னர் ஏழைகளுக்கான சிறு மருத்துவமனையையும் நடத்தினார். அந்த மருத்துவமனையில் காந்தியடிகள் நாள்தோறும் காலையில் மருந்து கலந்து கொடுத்தார். 1894-இல் காந்தியடிகளிடம் பாலசுந்தரம் என்னும் தமிழ்த் தொழிலாளி வந்தார். முதலாளி அடித்ததில் முன்பற்கள் இரண்டு உடைந்திருந்தன, வாயில் இரத்தம், தலைப்பாகை கையில். வெள்ளையர் முன் தலைப்பாகையைக் கழற்ற வேண்டுமென்ற பழக்கத்தால், காந்தியடிகள் முன்னும் கழற்றிக்கொண்டு வந்து நின்றார். அதைக் கட்டிக்கொள்ளச் சொன்னார் காந்தியடிகள். வேறு முதலாளியிடம் மாற்றமும் பெற்றுத் தந்தார்.

ஒப்பந்தம் முடிந்து தங்கியவர்கள் காய்கறி பயிரிட்டார்கள், மீன் பிடித்தார்கள், கோயில் கட்டினார்கள். உம்கேனி சாலையில் வைத்தியநாத ஈசுவரர் ஆலயம் இன்றும் விளங்குகிறது. மவுண்ட் எட்ஜ்கோம்பில் தைப்பூசக் காவடி எடுக்கிறார்கள். நாயுடு, பிள்ளை, படையாச்சி அங்கும் உண்டு. நம் முதலியார் 'மூட்லி' என்றும், கவுண்டர் 'கோவெண்டர்' என்றும் ஆங்கில எழுத்தர் கையில் மாறிவிட்டார்கள்.

காண வேண்டியவை

ஊரைச் சுற்றிப் பார்ப்போர் கடற்கரையிலிருந்து தொடங்குவார்கள். தங்க மைல் என்று அழைக்கப்படும் நீண்ட நடைபாதை. ஒருபுறம் அலை, மறுபுறம் உயர்ந்த விடுதிகள். கொம்பும் மணிமாலையும் சூடிய சூலு ரிக்‌ஷாக்காரர்கள் துள்ளித் துள்ளி இழுப்பதைப் பார்க்கக் கூட்டம் கூடும். 1890-களில் சர்க்கரை ஆலை முதலாளி ஒருவர் கொண்டு வந்த வண்டி அது. அன்று வேடிக்கைக்காக அன்று, வயிற்றுக்காக இழுத்தார்கள். குளிப்பவர்களைச் சுறாவிடமிருந்து காக்க 1952-இல் இங்குக் கடலில் வலை கட்டினார்கள். 1910-இல் கட்டிய நகர மண்டபம் அயர்லாந்தின் பெல்பாஸ்ட் மண்டபத்தின் அச்சு. முன்பு கிரே தெரு என்றிருந்த தெருவில் ஜும்மா மசூதியும் இம்மானுவேல் தேவாலயமும் அருகருகே நிற்கின்றன. அவற்றைச் சுற்றிய கடைகளில் மஞ்சள், மிளகாய்த் தூள் மணக்கும். ரொட்டியின் நடுவைக் குடைந்து குழம்பு ஊற்றித் தரும் 'பன்னி சௌ' டர்பன் இந்தியரின் கண்டுபிடிப்பு.

எனக்கு ஒரே ஒரு நாள் அங்கே கிடைத்தால் தாவரவியல் பூங்காவுக்குத்தான் போவேன். நாம் ஆய்வகத்தில் அறுத்துப் பார்க்கும் சைக்கஸின் உறவுத் தாவரம் ஒன்று அங்கே இருக்கிறது. என்செபலார்ட்டஸ் உடியை என்று பெயர். பூங்காவின் பொறுப்பாளர் மெட்லி வுட் 1895-இல் ஓங்கோயே காட்டில் இதைக் கண்டார். ஒரே ஒரு ஆண் மரத்தின் கிளைத் தண்டுகள். அதன்பின் எவ்வளவு தேடியும் பெண் மரம் ஒன்றுகூட அகப்படவில்லை. 1916-இல் கடைசித் தண்டையும் காட்டிலிருந்து எடுத்துவிட்டார்கள். உலகத்துப் பூங்காக்களில் இன்று இருப்பவை யாவும் அந்த ஒரே மரத்தின் பக்கக் கன்றுகளே. ஆண்டுதோறும் கூம்பு விடுகிறது, மகரந்தம் தூவுகிறது, விதை மட்டும் உண்டாவதில்லை.

யாருடைய கடற்கரை?

இவ்வளவு அழகிய கடற்கரையில் கால் நனைக்க, அந்நகரைக் கட்டியவர்களுக்கு உரிமை இருக்கவில்லை. நல்ல பகுதிகள் வெள்ளையருக்கு மட்டும் என்று நகராட்சி விதிப் பலகைகள் நின்றன. 1950-இல் வந்த குழுப் பகுதிச் சட்டத்தால், நகரத்தை ஒட்டி வாழ்ந்த இந்தியக் குடும்பங்களைப் பெயர்த்து 1960-களில் சாட்ஸ்வொர்த்துக்கும், 1970-களில் ஃபீனிக்சுக்கும் அனுப்பினார்கள். கருப்பின மக்களை உம்லாசிக்கும் குவாமாஷுவுக்கும் அனுப்பினார்கள். உம்லாசி என்பது, மருத்துவர் ஆடம்ஸ் பள்ளி வைத்த அதே ஆற்றின் பெயர்.

கல்வியிலும் இதே கதைதான். இந்திய அரசின் முதல் பிரதிநிதியாக 1927-இல் வந்தவர் வலங்கைமான் சீனிவாச சாஸ்திரியார்; சென்னைத் திருவல்லிக்கேணியில் தலைமையாசிரியராக இருந்தவர். இந்திய மாணவருக்கு உயர்நிலைக் கல்வி இல்லாததைக் கண்டு, வணிகர்களிடமும் தொழிலாளர்களிடமும் நிதி திரட்டினார். 1929-இல் சாஸ்திரி கல்லூரி திறக்கப்பட்டது. 1936 முதல் நட்டால் பல்கலைக்கழகக் கல்லூரி வெள்ளையரல்லாத மாணவருக்குத் தனியாக வகுப்பு நடத்தியதும் இக்கட்டடத்தில்தான். பகலில் வேலை பார்த்த ஆசிரியர்கள் ஓய்வு நேரத்தில் வந்து பட்டம் படித்தார்கள். 1961-இல் இந்தியருக்கென்று ஒதுக்கிய தனிக் கல்லூரியை, விரிகுடாவிலுள்ள சாலிஸ்பரி தீவில் கடற்படையினர் விட்டுச்சென்ற கட்டடங்களில் தொடங்கியது அரசு. ஒதுக்கிவைக்கும் எண்ணத்தோடு கொடுத்த கல்லூரிதான். அதில் படித்து வெளிவந்தவர்களுள் பலர் அந்த அரசையே எதிர்த்து நின்றார்கள்.

1953-இல் கருப்பினக் கல்விச் சட்டம் வந்தது. அவர்களைக் கூலி வேலைக்கு மேல் உயர விடாத பாடத்திட்டமே அதன் நோக்கம். 1956-இல் ஆடம்ஸ் கல்லூரியை அரசு எடுத்துக்கொண்டது. இனாண்டா பெண்கள் பள்ளி மட்டும் தனியார் பள்ளியாகவே தாக்குப்பிடித்தது, இன்றும் நடக்கிறது. அப்பள்ளியிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில் ஓலாங்கே பள்ளி இருக்கிறது. அமெரிக்கப் பாதிரிமார்களின் பள்ளியில் படித்த ஜான் டூபே 1901-ஐ ஒட்டித் தம் மக்களுக்காகத் தாமே நிறுவியது. பின்னாளில் ஆப்பிரிக்கத் தேசிய காங்கிரசாக மாறிய அமைப்பின் முதல் தலைவர் அவர். அதனை அடுத்தே காந்தியடிகள் 1904-இல் அமைத்த ஃபீனிக்ஸ் குடியிருப்பு. 1985 கலவரத்தில் எரிந்து, பின்னர் புதுப்பித்துக் கட்டப்பட்டது.

கடற்கரைகள் எல்லோருக்கும் திறக்கப்பட்டது 1989 நவம்பரில். 1994 ஏப்ரல் 27-ஆம் நாள் நெல்சன் மண்டேலா தம் வாழ்நாளின் முதல் வாக்கை அளிக்க ஓலாங்கே பள்ளியைத் தேர்ந்தெடுத்தார். வாக்களிக்குமுன் அங்கிருந்த டூபேயின் கல்லறைக்குச் சென்று வணங்கினார். அவருக்கு அப்போது வயது எழுபத்தைந்து.